இரண்டாவது வெடி

ஏட்டுக்கு மின்னல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, நூறு மீட்டர் ஓட்டத்தில் ஊரையே தூக்கிச் சாப்பிட்ட காலத்தில் ஒட்டிக்கொண்டது. இப்போது தொப்பை பெல்ட்டுக்கு மேல் எட்டிப் பார்க்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பெயர் மட்டும் விட்டபாடில்லை. காவல் துறை அவரை எடுத்ததே காலுக்காகத்தான். கால் ஓய்ந்த பிறகு மிச்ச ஆளை என்ன செய்வதென்று துறைக்கும் தெரியவில்லை. கைதிகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் வேலையில் போட்டுவைத்தது.

அவருடைய முதல் பெரிய பந்தயத்தில் யாரோ முந்திக்கொண்டு கிளம்பிவிட, ஓட்டத்தைத் தொடங்கிவைத்த நடுவர் துப்பாக்கியால் மறுபடி சுட்டார். இரண்டாவது வெடி கேட்டால் எல்லோரும் நின்றுவிட வேண்டும், ஓட்டம் திரும்ப முதலிலிருந்து. மின்னலுக்கு மட்டும் அது காதில் விழவில்லை. கடைசிவரை தனியாக ஓடி, கையை உயர்த்திக்கொண்டு, மைதானமே வயிறு குலுங்கச் சிரிப்பதைப் பார்த்தார். மறு ஓட்டத்தில் காலில் ஒன்றும் மிச்சமில்லை, கடைசியாக வந்தார்.

அதற்கப்புறம் தினமும் காலையில் தங்கையை மைதானத்துக்கு இழுத்துப்போய் இரண்டு மரப்பலகைகளைக் கையில் கொடுப்பார். ஒரு தட்டு தட்டினால் ஓட வேண்டும், அடுத்த தட்டுக்கு நிற்க வேண்டும். அவளும் லேசுப்பட்டவளில்லை. மூளை யோசிப்பதற்குள் கால் நின்றுவிடும் அளவுக்கு அண்ணனைப் பழக்கிவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், கோர்ட் வாசலில் வண்டியிலிருந்து இறக்கும்போது கைதி விலங்கை உருவிக்கொண்டு ஓடினான். காவலுக்கு வந்தவர்கள் மின்னலும் அதே தங்கையின் புருஷனும். மச்சான் ஈரத்தில் வழுக்கி விழுந்தார். மின்னல் ஓடினார். நிறுத்தியிருந்த பைக்குகளைத் தாண்டி, ஜெராக்ஸ் கடை வரிசையைத் தள்ளிக்கொண்டு, எங்கே கிடந்ததோ அந்த ஓட்டம். கோர்ட் வாசலில் நின்றிருந்த இன்ஸ்பெக்டர் பின்னாலிருந்து வானத்தைப் பார்த்து ஒரு முறை சுட்டார். மின்னலுக்கு உடம்பு சிலிர்த்தது. வெட்கமில்லாமல் சந்தோஷமாகக்கூட இருந்தது. கைதியின் காலர் கைக்கு எட்டப்போகும் நேரத்தில் இன்ஸ்பெக்டர் மறுபடி சுட்டார்.

மின்னல் நின்றுவிட்டார்.

கைதி சுவரேறிக் குதித்தான், போனவன் போனவன்தான். அவர் ஓடியதையும் நின்றதையும் கோர்ட்டே பார்த்தது. விசாரணையில் காரணத்தைச் சொன்னபோது அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மைதானத்தில் கேட்ட அதே சிரிப்பு. மச்சான்கள் இருவரும் கைதியிடம் காசு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள் என்று முடிவுகட்டி, இருவரையும் சஸ்பெண்ட் செய்தார்கள். மச்சான் அவரிடம் முகம்கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு வாரம் கழித்துத் தங்கை வந்தாள். மெடல்கள் மாட்டிய சுவரோரம் நின்றாள், உட்காரவில்லை. அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஒருத்தர் தனியாகச் செய்ததாக ஒத்துக்கொண்டால் மற்றவரைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்வார்களாம். படிக்கும் தன் இரண்டு பெண்களைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. மின்னலுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது என்பதையும் சொல்லிக்காட்டவில்லை.

"நீயாவது என்னை நம்புறியா?" என்று கேட்டார்.

"பலகை தட்டினதே நான்தானே அண்ணா. நம்பாம இருப்பேனா?" அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "ஆனா உன் மச்சான் நீ காசு வாங்கினதாவே நினைச்சுக்கட்டும். உண்மை தெரிஞ்சா திரும்ப வேலைக்குப் போகமாட்டாரு."

மின்னல் சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினார்.

அதிகாரியின் அறையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காசு வாங்கியது தான்தான், மச்சானுக்கு ஒன்றும் தெரியாது என்றார்.

"அப்போ அந்த ரெண்டாவது வெடி கதை?" என்றார் அதிகாரி.

"சும்மா சொன்னேன் சார்."

இந்த முறை அதிகாரி சிரிக்கவில்லை. உடனே நம்பிவிட்டார்.