எட்டாம் நம்பர் வாசலில் செருப்புகள்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக மகுடேஸ்வரன் வீட்டு வாசலில் செருப்புகள் இல்லை.

அவருடையது ஒரு ஜோடி கிடந்தது. மனைவி விஜயராணியுடையது ஒரு ஜோடி. மகள் தேஜஸ்ரீயின் ரோஸ் கலர் செருப்பைக்கூடக் காணோம். அது எங்கே கிடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

எட்டாம் நம்பர் வீட்டு வாசலில்.

அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைகளுக்குப் பின்னால், எட்டு வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் லைன் அது. குடியிருப்பவர்கள் எல்லோரும் பனியன் கம்பெனிக்காரர்கள். மகுடேஸ்வரன் ஒன்றாம் நம்பர். கட்டிங் மாஸ்டர். இரண்டு வருடத்துக்கு முன் ஐம்பத்தைந்து இன்ச் டி.வி. வாங்கி மாட்டிய நாளிலிருந்து, ஞாயிறு சாயங்காலம் அவர் வாசலில் இருபது ஜோடி செருப்புக்குக் குறைந்ததே இல்லை.

அவர் நாற்காலியில் உட்காருவார். மற்றவர்கள் தரையில். ரிமோட் அவர் கையில். என்ன படம் என்பதை அவர் சொல்வார். பாட்டு வந்தால் ஓட்டிவிடுவார். போன் வந்தால் படத்தை நிறுத்திவிட்டுப் பேசுவார். இருபது பேரும் ஹீரோவின் பாதி திறந்த வாயைப் பார்த்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அது அவருக்கு ஒரு கிளாஸ் சர்பத்.

பிறகு வந்தான் அருண்பாண்டி.

விருதுநகர் பக்கத்துப் பையன். பத்து வருடமாகத் திருப்பூரில் பிளாட்லாக் மெஷின் ஓட்டும் டெய்லர். கல்யாணமாகவில்லை. எட்டாம் நம்பருக்குக் குடிவந்த இரண்டாவது மாதம் ஆன்லைனில் ஒரு புரொஜெக்டர் வாங்கினான். பார்க்க டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது. அதை ஒரு ஸ்டூலில் வைத்து, எதிரே இருந்த பெரிய வெள்ளைச் சுவரில் படத்தை விட்டான்.

சுவர் முழுக்க ஹீரோ.

அந்த ஞாயிறே ஒன்றாம் நம்பர் காலி.

"ஏனுங்க, பாக்கோணும்னா போய்ப் பாருங்க. இப்பிடி ஜன்னல்ல காதை வெச்சுட்டு நிக்காதீங்க" என்றாள் விஜயராணி.

"யாரு காதை வெச்சா? காத்துக்கு நிக்கறேன்."

"ஃபேன் ஓடுதுங்க."

வெளியே ஒரு பெரிய சிரிப்பலை. தன் மகளின் சிரிப்பை மகுடேஸ்வரன் அதில் தனியாகப் பிரித்துக் கேட்டார். தன் டி.வி. முன்னால் அவள் ஒருநாளும் இப்படிச் சிரித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஜன்னலைச் சாத்தினார்.

மறுநாள் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது தேஜஸ்ரீ அடுத்த குண்டைப் போட்டாள்.

"அப்பா, வர்ற ஞாயித்துக்கிழமை எம்பட பொறந்தநாளுங்க."

"தெரியும் கண்ணு. என்ன வேணும் சொல்லு. புது சைக்கிள்?"

"அருண் மாமா ஊட்டுல பெரிய படமாப் போட்டு எல்லாரும் பாக்கோணும். அது போதுங்க."

"நம்மூட்டு டி.வி.லயே போடலாமல்லொ?"

"நீங்க பாட்டை ஓட்டி உட்டுருவீங்க."

பத்து வயசு. இட்லியைத் தின்றுகொண்டே சொல்லிவிட்டாள். சட்னியில் காரமே இல்லை. ஆனாலும் மகுடேஸ்வரனுக்கு நெஞ்சு எரிந்தது. சரி என்று தலையாட்டினார். வேறு என்ன செய்ய முடியும்?

வியாழக்கிழமை ஒரு அதிசயம் நடந்தது.

கம்பெனி முடிந்து வந்து பைக்கை நிறுத்தியவர், அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சுவர் பக்கத்துக் காலியிடத்துக்காரருடையது. அவர் அதை விளம்பரத்துக்கு விட்டிருந்தார். பகலில் பெயின்டர் வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தான். ஆள் உயரத்துக்கு ஒரு நீல ஜட்டி. சிவப்பு எலாஸ்டிக்.

அன்று சாயங்காலம் அருண்பாண்டி படத்தை விட்டுப் பார்த்தான். ஹீரோயினின் நெற்றியில் சிவப்புப் பட்டை ஓடியது. ஹீரோ எங்கே ஓடினாலும் ஜட்டி விடவில்லை. மகுடேஸ்வரன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தார்.

தேஜஸ்ரீ அழுதாள். அந்த அழுகை அவரை என்னவோ செய்தது. ஆனால் சிரிப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

கதவு தட்டப்பட்டது.

"அண்ணே!" அருண்பாண்டி. "பாப்பா அழுதுக்கிட்டு இருக்கு. சுவத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிட்டா சோலி முடிஞ்சுது. நீங்க கட்டிங் மாஸ்டர். உங்களுக்குத் தெரியாத துணியா? ஒரு நல்ல பீஸா பாத்துக் குடுங்கண்ணே."

மகுடேஸ்வரன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மண்டைக்குள் ஒரு பல்ப் பளிச்சென்று எரிந்தது.

"அதுக்கென்ன அருணு. நான் கொண்டாரேன்" என்றார்.

வெள்ளி சுதந்திர தினம். ஆர்டர் மந்தம் என்று கம்பெனி சனிக்கிழமையும் லீவு விட்டிருந்தது. சனி காலை மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனார். வாட்ச்மேன் குடோனைத் திறந்துவிட்டார். ரோல் முடிவில் மிஞ்சிய வெள்ளைத் துணிகள் மூலையில் அடுக்கியிருந்தன. மேலாகக் கெட்டியான இன்டர்லாக் ஒன்று கிடந்தது. கட்டினால் பலகை மாதிரி நிற்கும். அதைத் தொட்டார். தள்ளி வைத்தார். அடியில் கைவிட்டு இன்னொன்றை உருவினார்.

சிங்கிள் ஜெர்சி லைக்ரா. லெக்கின்ஸ் தைக்கிற துணி. இழுத்தால் ரப்பராக வரும்.

வரும் வழியில் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "அப்பா, இது இழுக்குதுங்களே?"

"உனக்கென்ன தெரியும்? கம்முனு புடிச்சுக்க."

அருண்பாண்டி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். துணியை விரலால் ஒருமுறை தேய்த்தான். நிமிர்ந்து மகுடேஸ்வரனைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற தேஜஸ்ரீயைப் பார்த்தான்.

"நல்லாருக்குண்ணே" என்றான்.

"கீழ ஒரு இரும்புப் பைப்பைக் கோத்து உடு. அப்பத்தான் வெறைப்பா நிக்கும்."

"சரிண்ணே."

மாலை முழுக்க அருண்பாண்டி வாசலில் உட்கார்ந்து, பைப் நுழையும் அளவுக்குத் துணியின் அடியை மடித்துக் கையால் தைத்தான். ஒன்றாம் நம்பர் வாசலில் உட்கார்ந்து மகுடேஸ்வரன் ஒவ்வொரு தையலையும் ரசித்தார். தை தம்பி, நல்லா தை.

ஞாயிறு ஏழு மணி.

எட்டாம் நம்பர் வாசலில் நாற்பது ஜோடி செருப்பு. பக்கத்து லைனிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். கேக் வெட்டியாகிவிட்டது. தேஜஸ்ரீ கன்னத்தில் கிரீமோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். துணி மேலே கயிற்றில், கீழே பைப்பின் கனத்தில், சுருக்கமில்லாமல் தொங்கியது. படம் விழுந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது.

மகுடேஸ்வரன் துணியின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. துணி அசையவில்லை. ஒருவேளை ரோலை மாற்றி எடுத்துவிட்டோமா?

முப்பத்தைந்தாவது நிமிடம் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வந்தது.

முதலில் ஹீரோவுக்குத் தொப்பை விழுந்தது. அடுத்த வீச்சில் எட்டு மாதம் ஆனது. பைப் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இன்னும் கொஞ்சம் கீழே இறங்க, முகம் நீண்டது. தாடை புடலங்காய் மாதிரி இறங்கிக் கழுத்தை மறைத்தது. வில்லன் ஓங்கி ஒரு குத்து விட்டான். கை வளைந்து அவன் தலையையே சுற்றி வந்தது. பைப் 'டங்' என்று தரையில் மோதியது.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. மகுடேஸ்வரன் காதைத் தீட்டினார். கேலி வரும், ஊளை வரும், எழுந்து போவார்கள், நேராக ஒன்றாம் நம்பருக்கு வருவார்கள். டி.வி.யை ஸ்டாண்ட்பையில்தான் வைத்திருந்தார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இன்னொருக்க அந்தக் குத்தைப் போடுப்பா!" என்று ஒருவர் கத்தினார்.

சிரிக்காதது ஒரே ஒரு ஆள்தான். முதல் வரிசையில், கன்னத்தில் கிரீமோடு.

காற்று இன்னொரு முறை தூக்க, படம் முழுக்கக் குழைந்து ஒன்றும் தெரியாமல் போயிற்று. அருண்பாண்டி படத்தை நிறுத்தினான். ஐந்தாம் நம்பர் சீனியம்மாள் எழுந்து போனாள். செக்கிங்கில் இருபது வருட சர்வீஸ். துணியை விரலால் ஒரு தேய்ப்பு, ஓர் இழுப்பு. அவ்வளவுதான்.

"யாத்தே! லைக்ராவுல்ல இது! லெக்கின்ஸ் துணியக் கொண்டாந்து எந்தக் கூறுகெட்டவன் இதுக்குக் குடுத்தது?"

நாற்பது பேர். நாற்பது பேரும் துணியோடு பிழைப்பவர்கள். ஒவ்வொரு தலையாகத் திரும்ப ஆரம்பித்தது, லைனில் இருக்கிற ஒரே கட்டிங் மாஸ்டரை நோக்கி. மகுடேஸ்வரன் குனிந்து தன் செருப்பைத் தேடினார்.

"நான்தான்க்கா" என்றான் அருண்பாண்டி. "பிட்டுத் துணிக் கடையில வெள்ளையா கெடந்துச்சு. தூக்கிட்டு வந்துட்டேன்."

"பத்து வருசமா பிளாட்லாக் அடிக்கியே. துணி தெரியாதாக்கும் ஒனக்கு?"

"கூட்டத்துல கவனிக்கலக்கா."

தலைகள் திரும்பிக்கொண்டன. தப்பித்தாயிற்று. ஆனால் மகுடேஸ்வரனுக்கு முன்னைவிடப் பற்றிக்கொண்டு வந்தது. புரொஜெக்டர் வாங்கினான், சரி. இந்தப் பெருந்தன்மையையும் ஆன்லைனிலேயே வாங்கிவிட்டானா?

விறுவிறுவென்று அவன் பக்கத்தில் போனார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "எப்பக் கண்டுபுடிச்ச?"

"நீங்க கையில குடுத்தப்பவேண்ணே." அவனும் தாழ்ந்த குரலில் சொன்னான். "நாள் பூரா நான் தைக்கிற துணியாச்சே."

"அப்பறம் எதுக்குடா கட்டுன?"

"நீங்க குடுத்ததை எப்படிண்ணே வேண்டாம்ங்கது? பாப்பா வேற பக்கத்துல நின்னுச்சு. படம் முடியிற வரைக்கும் தாங்கிரும்னு நெனச்சேன். காத்து கவுத்துருச்சு."

மகுடேஸ்வரன் பதிலுக்கு வாயைத் திறந்தார். அப்போது சட்டையின் பின்பக்கம் இழுபட்டது.

தேஜஸ்ரீ.

எவ்வளவு நேரமாக நிற்கிறாள்?

"ஏனுங்கப்பா, நான் நேத்தே இழுத்துப் பாத்துச் சொன்னனல்லொ?"

கம்பெனியில் முப்பது பேரை அதட்டுகிற வாய் ஒட்டிக்கொண்டது.

"படம் இனி அவ்ளோதானுங்களா?"

அவளுடைய கண் நிறைந்து தளும்பியது. இன்னும் ஒரு சொட்டும் விழவில்லை. அது விழுவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

"அருணு, பைப்பை உருவு, மேல கயித்தையும் அவுத்து உடு" என்றார் மகுடேஸ்வரன். "கீழ கனமே இருக்கக் கூடாது. ஒரு ஓரத்தை மொட்டைமாடிப் படிக்கட்டுக் கம்பில கட்டு. இறுக்காத. ம், போதும்."

இந்தப் பக்கம் கட்டுவதற்குக் கம்பி எதுவும் இல்லை. ஓர் ஆள்தான் பிடிக்க வேண்டும். கூட இழுத்தால் ஹீரோ குண்டாவான், விட்டால் தொப்பை விழும். காற்று வரும்போது கொஞ்சம் கொடுத்து, போனதும் கொஞ்சம் வாங்கி, அந்த அளவு தெரிந்த கை வேண்டும். மகுடேஸ்வரன் துணியின் மேல் முனையை ஒரு கையிலும் கீழ் முனையை இன்னொரு கையிலும் பிடித்து, கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார்.

"போடு" என்றார்.

படம் விழுந்தது. பலகை மாதிரி நின்றது. "ஓ!" என்று கைதட்டல். கைதட்டல் அருண்பாண்டிக்கு.

இன்னும் ஒரு மணி நேரம் பத்து நிமிடம் பாக்கி. அவருக்குப் படம் தெரியவில்லை. முகங்கள்தான் தெரிந்தன. நாற்பது முகமும் அவர் பக்கம் திரும்பியிருந்தன. ஒரு கண்ணும் அவரைப் பார்க்கவில்லை. விஜயராணி மட்டும் ஒருமுறை பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஸ்டூலுக்குப் பக்கத்தில் அருண்பாண்டி, இரண்டு பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். தரையிலா? புரொஜெக்டர் வைத்திருக்கிறவன் தரையில் உட்காருவானா? அதுவும் எரிந்தது.

தோள் கடுத்தது. மூக்கில் ஒரு கொசு. இரண்டு கையும் துணியில்.

"அப்பா!" முதல் வரிசையிலிருந்து அதட்டல். அவருடைய அதட்டல் மாதிரியே இருந்தது. "தலையைக் குனிங்க! மறைக்குது!"

மகுடேஸ்வரன் குனிந்தார்.

பாட்டு வந்தது. பழக்கதோஷம், அவருடைய வலது கட்டைவிரல் துணிக்கு மேல் எதையோ தேடி அழுத்தியது. ஒன்றும் ஓடவில்லை. தேஜஸ்ரீ எழுந்து நின்று, கன்னத்தில் கிரீமோடு ஆட ஆரம்பித்தாள். பிள்ளைகள் எல்லாம் கூட எழுந்தார்கள்.

பாட்டு முழுசாக ஓடியது.