கண்டக்டரின் கடைசி நாள் பேச்சு

பெயரில் தைரியத்தையும் ராஜாவையும் சேர்த்து வைத்திருந்தாலும், கண்டக்டர் தைரியராஜ் பஸ்ஸில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கம் மொட்டைக் கோபுரம் வரை போய்வந்த அந்த ஒற்றை பஸ்ஸில், அது ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அவன்தான் கண்டக்டர். யார் வைதாலும் சிரிப்பான். வைதவர்களுக்கே அலுத்துப் போகும்.

பஸ்ஸை நடத்தியது ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து வைத்திருந்த ஒரு கமிட்டி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் எங்கு பார்த்தாலும் பண முடை. பட்ஜெட் போட உட்கார்ந்த கமிட்டி, எதை வெட்டலாம் என்று மூன்று முறை காபி குடித்து யோசித்து, கடைசியில் பஸ்ஸையே வெட்டிவிட்டது. மார்ச் மாதத்தோடு சரி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி காலையில் தைரியராஜுக்கு ஒரு எண்ணம் உதித்தது. நாளை முதல் இந்த முகங்களில் ஒன்றையும் பார்க்க வேண்டியதில்லை! அத்தனை வருஷம் தூங்கிய தைரியம் அவனுக்குள் எழுந்து சோம்பல் முறித்தது.

முதலில் மாட்டியவர் ஸ்ரீரங்கத்துச் சடகோபன். திருச்சியில் சம்ஸ்கிருத வாத்தியார். தினமும் பஸ் கிளம்பும் நேரத்துக்குத்தான் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே வாசலுக்கு வருவார். "இதோ வந்துண்டே இருக்கேன், நிறுத்தும்!" என்பார். அன்றும் சொன்னார்.

"சாமி, உங்க தலைப்பாகைக்காக இந்த பஸ் நின்ன நேரத்தையெல்லாம் சேர்த்தா நான் ரெண்டு தரம் மெட்ராஸ் போய் வந்திருப்பேன்" என்றான் தைரியராஜ். பஸ்ஸே சிரித்தது. சடகோபன் தலைப்பாகையைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்தவர் ரங்கம்மா. தெப்பக்குளத்துப் பெண் வீட்டுக்குத் தினமும் போகிறவர். தமக்கு ஒரு ஸீட், தம் மூட்டைக்கு ஒரு ஸீட். யாராவது நெருங்கினால், "மேலே படாதேள், மடி!" என்பார்.

"அம்மா, மூட்டையும் மடியா? அதுக்கு ஒரு நாளாவது டிக்கெட் வாங்கியிருப்பீங்களா?"

ரங்கம்மா பெருமாள் பெயரைச் சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று முழுக்க அவன் வாய் ஓயவில்லை. சாயங்காலம் கடைசி நடை பாலக்கரையில் நின்றபோது இறங்க மிச்சமிருந்தது அமலராணி ஒருத்திதான். ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர ஸீட்டில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவாள். அவளிடம் மட்டும் அவன் டிக்கெட் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"டீச்சர், அந்த ஸீட்டை எந்தக் கூட்டத்திலயும் யாருக்கும் குடுக்காம வெச்சிருந்தேன். அது கமிட்டி போட்ட ரூல் இல்ல. நானா செஞ்சது. நீங்க வராத நாள்ல எனக்கு ஒரு வேலையும் ஓடாது."

சொன்னவன், அவள் தரையில் கால் வைத்ததுமே, பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் விசில் ஊதினான். எங்கும் போக வேண்டாத பஸ், டிரைவர் நசுருதீன் என்ன ஏது என்று புரியாமலே, கிளம்பிப் போய்விட்டது.

அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினான். விடியற்காலையில் நசுருதீன் கதவைத் தட்டினார்.

"எழுந்திரு தைரியம், வண்டி எடுக்கணும்!"

"ஏப்ரல் ஒண்ணாம் தேதின்னு விளையாடாதீங்க பாய்."

"விளையாட்டு இல்லப்பா. சித்திரைத் தேருக்கு ஜனம் எப்படிப் போகும்னு ராத்திரி கமிட்டியில ஒரே சண்டையாம். தேர் முடியற வரைக்கும் ஓடட்டும்னுட்டாங்க."

தைரியராஜ் பாயிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு ஒரு துண்டை எடுத்து, தாடையைச் சுற்றித் தலைக்கு மேல் முடிச்சுப் போட்டுக்கொண்டு கிளம்பினான். பல்வலி என்றால் பேச வேண்டியதில்லை அல்லவா?

பாலக்கரையில் அமலராணி வழக்கம்போல் ஏறினாள். துண்டைப் பார்த்தாள்.

"பல்வலியா? நேத்து நல்லாத்தானே பேசினீங்க?"

அவ்வளவுதான். தாள்களில் குனிந்துகொண்டாள். அன்று சிவப்பு மசி கொஞ்சம் தாராளமாகவே ஓடியதாக அவனுக்குத் தோன்றியது.

ஸ்ரீரங்கத்தில் சடகோபன் பஸ்ஸுக்கு முன்பே வந்து, தலைப்பாகையும் கோட்டுமாக, போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றிருந்தார். ரங்கம்மா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "யார் வேணா உக்காரட்டும். பஸ்ஸை நான் என்ன எழுதியா வாங்கிண்டேன்?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். யாருக்கும் உட்காரத் துணிவு வரவில்லை. ஸீட் காலியாகவே தெப்பக்குளம் வரை வந்தது.

சாயங்காலம் பாலக்கரையில் அமலராணி இறங்கவில்லை.

"நேத்து பதில் கேக்காமலே விசில் ஊதிட்டீங்களே" என்றாள்.

தைரியராஜ் துண்டை அவிழ்த்தான். மறுபடி கட்டினான்.

"பஸ் நின்னுட்டா உங்களுக்கு என்ன வேலை?"

"தெரியல டீச்சர்."

"அதை முதல்ல பாருங்க. அப்புறம் எங்க அண்ணனை வந்து பாருங்க." விசிலை வாயில் வைக்கப் போனவனை, "நான் இறங்கினப்புறம் ஊதுங்க" என்றாள்.

அந்த ஒரு மாதம் அவன் வேலை தேடி அலைந்தான். வேலை கடைசியில் வந்தது சடகோபன் மூலமாகத்தான். அவருடைய பழைய மாணவர் ஒருவர் மலைக்கோட்டைக்குக் கீழே வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். "இவன் நிஜத்தை மட்டுந்தான் பேசுவான், நானே அனுபவிச்சிருக்கேன்" என்று வாத்தியார் சிபாரிசு செய்தார். மண்டிக்காரர் கொஞ்சம் பயந்தார். வாத்தியார் சொல்லைத் தட்ட முடியாமல், வியாபாரிகளிடம் வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு எடுத்துக்கொண்டார். அது தைரியராஜுக்குச் சுலபமான வேலை.

தேர் நிலைக்கு வந்தது. பஸ் இந்தத் தடவை நிஜமாகவே நின்றது. கடைசி நடையில் எல்லாரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"என்ன ஓய், இன்னிக்கு எங்களுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார் சடகோபன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"வேண்டாம் சாமி. கமிட்டியை நம்பிப் பேச முடியாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அவன் அமலராணி வீட்டுக்குப் போனான். அண்ணன் பாக்கியநாதன் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. அதிகம் பேசாதவர். எதிரே உட்கார்ந்து தைரியராஜ் வெயிலைப் பற்றிச் சொன்னான். வாழைக்காய் விலையைப் பற்றிச் சொன்னான். மறுபடி வெயிலுக்கு வந்தான்.

உள்ளேயிருந்து அமலராணியின் குரல் வந்தது: "அண்ணே, ஊரை விட்டுப் போறீங்களான்னு அவரைக் கேளுங்க. அப்பத்தான் பேசுவாரு."

பாக்கியநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. தைரியராஜுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு கேட்க வேண்டியதைக் கேட்டும்விட்டான்.

"மண்டி வேலை நிலைக்குமா?" என்றார் பாக்கியநாதன்.

"வாயைத் திறக்காம இருந்தா நிலைக்கும்."

"குடும்பத்துக்கும் அதுதான் மாப்பிள்ளை" என்றார் அவர்.

வைகாசியில் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்தார்கள். கல்யாணத்தன்று நசுருதீன் ஒரு குதிரை வண்டியை வாடகைக்கு எடுத்து, தானே ஓட்டுவேன் என்று அடம் பிடித்தார். பஸ் ஓட்டிய கை. லகானை ஸ்டியரிங் மாதிரி திருப்பினார். குதிரை பாலக்கரைத் திருப்பத்தில் ஒரு புல்லுக்கட்டைக் கண்டு நின்றது. எவ்வளவு அதட்டியும் அசையவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் இறங்கி, மாலை கசங்காமல் பிடித்துக்கொண்டு, வெயிலில் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.