ஈயம் போன தேக்சா

என் வீட்டுக்காரர் நூர் அகமது சைகோன் கடை வேலையை விட்டுவிட்டுக் காரைக்காலுக்கே வந்து சேர்ந்ததிலிருந்து எங்கள் வீட்டில் புளி தங்குவதில்லை. ஆணம், குழம்பு என்று போட்டுத் தீர்ந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? அந்த மளிகைக் கடையில் காலையில் எழுந்ததும் தராசுத் தட்டுகளைப் புளி போட்டு விளக்குவதுதான் அவருக்கு வேலையாம். பழகிய கை இப்போது சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

“புளியால ஆவாத காரியமே இல்ல அஜீசு,” என்பார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி.

வெற்றிலைப் பெட்டியை விளக்கினார், சரி. கதவுக் குமிழை விளக்கினார், அதுவும் சரி. பூட்டில் துரு என்று புளிக்கரைசலில் ஊறப் போட்டதில் அன்று வீட்டைப் பூட்ட முடியாமல் நான் கல்யாண வீட்டுக்குப் போகவில்லை. எனக்குக் கால் சுளுக்கியபோது புளியும் உப்பும் கொதிக்க வைத்துப் பற்றுப் போட்டார். வலி விட்டுப் போனது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல், ஏனென்றால் அந்தத் தெம்பில் மறுநாளே புளியங்கொட்டையைக் காய்ச்சிப் பசை எடுத்து என் குடையை ஒட்டிவிட்டார். முதல் மழையில் பசை கரைந்து என் தலையில் ஒழுகியது.

எத்தனையோ வருஷம் நான் ஒருத்தியாகவே கட்டி ஆண்ட அடுப்படி. இப்போது எந்த மூலைக்குத் திரும்பினாலும் அங்கே இந்த மனுஷன் கையில் புளி உருண்டையோடு உட்கார்ந்திருக்கிறார்.

இதெல்லாம் போகட்டும். எங்கள் ஒரே மகள் ஜன்னத்துக்கு நாகூரிலிருந்து சம்பந்தம் பேச வருவதாக இருந்தது. மாப்பிள்ளை பெயர் மன்சூர் அலி. ஜன்னத் அவனை ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறாள், பிடித்தும் இருக்கிறது. முன்பு வந்த இடம் ஒன்று பாதியில் நின்றுபோனதிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்தே நான் பார்க்கவில்லை. இதுவாவது கூடி வரவேண்டுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து விருந்து.

விருந்து என்றால் என் உம்மா வீட்டுச் சீராக வந்த பெரிய செம்புத் தேக்சாவில்தான் நெய்ச்சோறு ஆக்குவேன். வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டில் விருந்துக்கு விரிக்கப் பாய் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினால், கொல்லையில் தேக்சா கவிழ்ந்து கிடக்கிறது. அவர் முழங்கை வரை புளியும் செங்கல் பொடியுமாக நிற்கிறார்.

“உள்ளெல்லாம் சாம்ப நிறமா அழுக்கு ஏறிக் கெடந்துச்சு. விடவே மாட்டேன்னுச்சு. இப்ப பாரு, தங்கம் மாதிரி!”

எட்டிப் பார்த்தேன். உள்ளே செம்பு சிவந்து மின்னியது.

“அல்லாவே! அது அழுக்கு இல்லங்க, ஈயம்! ஏற்கெனவே தேஞ்சு போயிருந்ததை மொத்தமா சொரண்டிட்டீங்களே! இதுல தயிரும் கறியும் ஊத்துனா களிம்பு ஏறி, வர்றவங்க எல்லாம் வாந்தி எடுப்பாங்க!”

ஈயம் பூசுகிறவர் மாயவரம் போயிருந்தார். அக்கம்பக்கத்துத் தேக்சாக்களோ ஒரு தர்கா கந்தூரிக்குச் சமைக்கப் போயிருந்தன. மிஞ்சியது எங்கள் மண்சட்டிகள்தான், அத்தனையும் மீன் ஆணம் கொதித்துக் கொதித்து ஊறியவை. புளி போட்டு ஊறவைத்தால் வாடை போகும் என்று எனக்கே தெரியும். புளி ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு கொட்டை கூட இல்லை. மிச்சப் புளியெல்லாம் தேக்சாவின் ஈயத்தைத் தின்றிருந்தது.

கடைகள் அடைத்தாகிவிட்டது, இனி ஜும்ஆ முடிந்துதான் திறப்பார்கள்; அக்கம்பக்கத்துப் புளியையும் இவர் முன்பே கடன் வாங்கித் தீர்த்திருந்தார். காலையில் அந்தச் சட்டிகளைச் சாம்பலும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தேன். கை கன்றியதுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் அவற்றிலேயே நெய்ச்சோறு ஆக்கினேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். மாப்பிள்ளையோடு ஆண்கள் கூடத்தில், எல்லோரும் சேர்ந்து உண்ணும் பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். திரைக்குப் பின்னால் நானும் மாப்பிள்ளையின் உம்மா ஆஸியா பீவியும். ஜன்னத் அறைக் கதவோரம் நின்றாள்.

மாப்பிள்ளையின் வாப்பா மீரா சாகிப் முதல் பிடியை வாயில் வைத்தார். “நெய்ச்சோத்துல மீன் வாடை அடிக்குதே?”

நான் கன்றிய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

“தப்பு என் மேலதாங்க,” என்றார் என் வீட்டுக்காரர். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லாமல் இருந்தால் என்னவாம்! மீரா சாகிப் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். “நிக்காஹ் முடிஞ்ச கையோட மன்சூர் தம்பி அடுத்த கப்பல்ல சைகோன் போறாப்புல. நல்ல வேலை.”

“வேணாங்க,” என்றார் இவர்.

“என்ன வேணாம்?”

“மாப்புள கப்பலேற வேணாம். ஊர்லயே ஒரு கடை வைக்கட்டும். நானும் இப்படித்தான் போனேன். ஜன்னத் நடை பழகுனத நான் பாக்கல. எங்க வூட்டுத் தேக்சா ஏனத்துக்குள்ள ஈயம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியல. எம்பொண்ணுக்கும் அப்படி ஒருத்தன் வேணாங்க.”

சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன். இந்த மனுஷனைக் கொல்லையில் புளியோடேயே உட்கார விட்டிருக்கலாமே என்று பல்லைக் கடித்தேன். அப்போது ஆஸியா பீவி என் கன்றிப்போன கையைப் பிடித்துக்கொண்டு, திரைக்கு இப்பாலிருந்தே சத்தமாகச் சொன்னார்.

“என்னாங்க, அவங்க சொல்றதுதான் சரி. நீங்க ரங்கூன்ல கெடந்தப்ப நான் பட்டது போதும். எம்புள்ள இங்ஙனயே இருக்கட்டும்.”

மீரா சாகிப் திரையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மன்சூர் அலி தலையைக் குனிந்துகொண்டு, “எனக்கும் அதான் இஷ்டம் வாப்பா,” என்றான்.

“அப்ப காரைக்கால்லயே கடை பாப்போம்,” என்று சொல்லிவிட்டு அவர் அந்த மீன் வாடைச் சோற்றையே இன்னொரு பிடி எடுத்தார். கதவோரம் ஜன்னத் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

எல்லோரும் போன பிறகு இவர் அடுப்படி வாசலில் வந்து தயங்கி நின்றார்.

“நான் ஏதாச்சும் செய்யணுமா அஜீசு?”

நேற்றிலிருந்து திட்டுவதற்கென்று எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன்.

“உள்ள வந்து உக்காருங்க,” என்றேன். பரண் மேல் இருந்த ஏனங்களை ஒவ்வொன்றாக இறக்கி, இது எதற்கு, இதை எதால் தேய்க்கலாம், எதால் தேய்க்கக் கூடாது என்று சொன்னேன். சொன்னதையே திரும்பக் கேட்டார். எரிச்சலை அடக்கிக்கொண்டு திரும்பவும் சொன்னேன்.