ஒன்பதாம் அத்தியாயம் வரை

டெஸ்ஸாவுக்குக் கணக்கியல்தான் முக்கியப் பாடம். குற்றவியல் நீதியைத் துணைப்பாடமாக எடுத்தது, ஆறே தாள்களில் முடிந்துவிடும் என்பதற்காக. ஆனால் இரண்டாவது தாள் முடிவதற்குள் அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. டிவியில் யாரையாவது கைது செய்தால் போதும், போலீஸ் எங்கே கோட்டை விட்டது என்று விளக்க ஆரம்பித்துவிடுவாள். அண்ணன் கோல்பி அவளை "வக்கீலம்மா" என்றே கூப்பிட்டான்.

கோல்பி ஒஹாயோவில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளன். கிழவர்களைக் குளிப்பாட்டுவான், சவரம் செய்துவிடுவான். அந்த வேலை அவனுக்கு உயிர். அக்டோபரில் ஒரு மதுக்கடை வாசலில் கட்டிப் புரண்ட இரண்டு பேரை விலக்கப் போனான். அதில் ஒருவன் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டு, கோல்பிதான் தாக்கினான் என்று புகார் கொடுத்துவிட்டான்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் இலவச வக்கீல் நாலே நிமிடம் பேசினார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு இன்றைக்கே முடியும். இல்லையென்றால் மாதக்கணக்கில் இழுக்கும். யோசித்து வை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

"நான் அடிக்கவே இல்லையே. என்ன வக்கீலம்மா, நீ சொல்லு," என்று கூட வந்திருந்த டெஸ்ஸாவிடம் கேட்டான் கோல்பி.

"ஒத்துக்கோ கோல்பி. நூத்துக்குத் தொண்ணூறு கேஸ் இப்படித்தான் முடியுது. எங்க பாடப் புத்தகத்துல ஒன்பதாவது அத்தியாயத்துலயே இருக்கு. அபராதத்தக் கட்டிட்டு நிம்மதியா வேலைக்குப் போ."

கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னாள். அவன் போய் ஒப்புக்கொண்டான்.

பதினொன்றாம் அத்தியாயம் இரண்டு வாரம் கழித்து வந்தது. தண்டனைக்குப் பிறகு ஒருவன் எதையெல்லாம் இழப்பான் என்பது பற்றி. தாக்குதல் குற்றம் பதிவானவர்களுக்கு முதியோரைப் பராமரிக்கும் வேலை கிடையாது என்று அதில் போட்டிருந்தது. டெஸ்ஸா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். இல்லத்தில் யார் போய் அவன் வழக்கைத் தோண்டப்போகிறார்கள் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். டிசம்பரில் தோண்டினார்கள். அன்றே கோல்பியை அனுப்பிவிட்டார்கள். அதே வாரம் அந்தப் பாடத்தில் அவளுக்கு 'ஏ' கிடைத்தது.

இப்போது அவன் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போனாள்.

"எனக்கு அப்பத் தெரியாது கோல்பி. அந்தப் பாடம் இன்னும் நடத்தல."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே," என்றான். "நான் அந்த வக்கீலையே கேட்டிருப்பேன்."