டிக்கெற்றில் எழுதிய ‘வாழை’

“வாழைக்கயர் எண்டால் லேசிலை போகுமே, பிள்ளை? ஆனா போட்டுது. இனி ஒரு கைதான் மிச்சம்,” என்று கறை எடுக்கிற பெனடிக்ற் பின்னறையிலிருந்து சொன்னபோது, ஏதோ சட்டையில் பட்ட வாழைச்சாற்றுக் கறையைச் சொல்கிறார் என்றுதான் சிவனேஸ்வரி நினைத்தாள்.

“நல்லது அண்ணை,” என்றாள். லண்டன் டூட்டிங்கில் அந்த ட்ரை கிளீனிங் கடையில் சனிக்கிழமை என்றால் மூச்சுவிட நேரமில்லை. பிளீச் மணம் கவுன்டர் வரைக்கும் வந்தது.

டெலிபோன் அடித்தது. மிசிஸ் ஹிகா. காலையில் அம்மா போய்விட்டார், ஒரு மணிக்கு வந்து உடுப்பை எடுக்கிறேன் என்றார். அழவில்லை. அந்த அழாத குரல்தான் சிவனேஸ்வரியை என்னவோ செய்தது.

செவ்வாய்க்கிழமை அந்த உடுப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்திருந்தார் அவர். ஒகினாவாவில் வாழைநாரில் நெய்தது. தும்பியின் செட்டை மாதிரி மெல்லிசு. உடம்பெல்லாம் சின்னச் சின்ன மண்ணிறக் குருவிகள். நூலை இடையிடையே இறுக்கிக் கட்டி, சாயத்தில் தோய்த்து, பிறகு நெய்கிற வேலையாம். அதனால் குருவிகளின் ஓரமெல்லாம் கலங்கியிருந்தது. அம்மா தன் கல்யாணத்துக்குத் தானே நெய்தது. அதை உடுத்தித்தான் தன்னை அனுப்பவேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டிருக்கிறார். “ஆவி மட்டும் லேசாகக் காட்டினால் போதும்,” என்றார் மிசிஸ் ஹிகா.

நான் பொறுப்பு என்று சொல்லியிருந்தாள் சிவனேஸ்வரி. என்ன துணியென்று தெரியாமல் யாரும் மெஷினில் போட்டுவிடக்கூடாதே என்று டிக்கெற்றில் தமிழில் பெரிதாக ‘வாழை’ என்று எழுதிக் குத்தியும் விட்டாள்.

வாழை.

ரிசீவரை வைத்த கையோடு பின்னறைக்கு ஓடினாள்.

உடுப்பு மேசையில் விரிந்து கிடந்தது. முதுகில் ஒரு குருவியும் இல்லை. நெஞ்சிலும் இல்லை. இடக்கையில் மட்டும் ஒரு கூட்டம் மிஞ்சியிருக்க, பெனடிக்ற் சின்னப் பிரஷைப் பிளீச்சில் தோய்த்துக்கொண்டு அதன்மேல் குனிந்திருந்தார்.

“அண்ணை, கையை எடுங்கோ.”

“ஏன் பிள்ளை? ஆரோ வாழைத்தோட்டத்துக்குள்ளை உருண்டிருக்கினம். கறையைப் பார்.”

“கறையில்லை அண்ணை. துணிதான் வாழை. நீங்கள் எடுத்தது முழுக்கக் குருவி.”

பிரஷ் அப்படியே நின்றது. மன்னாரில் கயர் பட்ட சட்டைக்காக அடிவாங்கி வளர்ந்த ஆள். மண்ணிறமாக, ஓரம் கலங்கி, துணியில் எது இருந்தாலும் அவருக்கு அது கயர்தான்.

“பழசுதானே. சாயம் தானாய்ப் போட்டுதெண்டு சொல்லுவம்,” என்றார் மெல்ல. “அவவுக்கு என்ன தெரியப்போகுது?”

“நெய்தவவின்ரை மகள்.”

“அப்ப உண்மையைச் சொல்லு. தாயைப் பறிகுடுத்திட்டு வாற மனுசிக்கு. சொல்லு பாப்பம்.”

கடை மணி கிணுங்கியது. ஒரு மணிகூட ஆகவில்லை. கறுப்புக் கோட்டில் மிசிஸ் ஹிகா.

சிவனேஸ்வரியின் கைகள் அவளைக் கேட்கவேயில்லை. உடுப்பை மடித்தன, மிஞ்சிய குருவிகளை மேலே வரும்படி மடித்தன. கவுன்டரில் வைத்தாள். மிசிஸ் ஹிகா ஒரு குருவியை விரலால் தடவிப் பார்த்தார். முதல்தரம் சிரித்தார். பிறகு அந்த விரல்கள் மெதுவாக மடிப்பின் ஓரத்துக்குப் போயின.

சொல்லுங்கள், அந்த மடிப்பு விரிய முந்தி, நீங்களாக இருந்தால் வாயைத் திறந்திருப்பீர்களா, மாட்டீர்களா?