பிசிறு வெட்டிய புத்தகம்

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? மழையும் பனியுமாக இருக்கிறது, சளி காய்ச்சல் வராமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு வேலம்பாளையத்து ஒச்சம்மாள் கதை.

ஒச்சம்மாளுக்குப் பனியன் கம்பெனியில் பிசிறு பார்த்து வெட்டும் செக்கிங் வேலை. துணியில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், அவளுக்குக் கை அரிக்கும். கம்பெனி ஹாஸ்டலில் இருந்தவள், போன வாரம்தான் தம்பி வீட்டோடு வந்திருந்தாள். தம்பி மகள் தேஜஸ்ரீக்குக் கண் தெரியாது, பேச்சும் வராது. தம்பி மனைவி நாகஜோதி கட்டிங் வேஸ்ட் துணித்துண்டுகளில் தைத்துக் கொடுத்த துணிப் புத்தகம்தான் பிள்ளைக்கு எந்நேரமும் துணை. அதன் ஓரமெல்லாம் நூலும் நாடாவும் எலாஸ்டிக்குமாகத் தொங்கும். ஏதோ விளையாட்டுச் சாமான் என்றுதான் ஒச்சம்மாள் நினைத்திருந்தாள்.

அன்று சிறப்புப் பள்ளியிலிருந்து நித்யஸ்ரீ டீச்சர் வருவதாக இருந்தது. தனக்கு வேண்டியதைப் பிள்ளை ஏதாவது ஒரு விதத்தில் கேட்டுக் காட்டினால், பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். நாகஜோதி பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள்.

"படிச்சவுக வர்றாக. இம்புட்டுப் பிசிறோட கெடந்தா நம்மள என்னான்னு நினைப்பாக?" என்று முணுமுணுத்தபடி ஒச்சம்மாள் புத்தகத்தை எடுத்தாள். வெளிநாட்டுப் பையர் சரக்குப் பார்க்க வரும் நாளில் கம்பெனியில் செய்வதைத்தான் செய்தாள். நூல் வெட்டும் டிரிம்மர் நறுக் நறுக்கென்றது. பிள்ளை கையை நீட்டித் துழாவியது.

"சும்மா இருடி தங்கம், அத்தை அழகாக்கித் தாரேன்" என்று அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

டீச்சர் வந்தார். பாலோடு திரும்பிய நாகஜோதி அடுப்படியில் டீ போட்டாள்.

"புஸ்தகம் அருமையாத் தெச்சிருக்கீங்க" என்றார் டீச்சர்.

"நாந்தேன் டீச்சர் சுத்தம் பண்ணேன். ஒரு பிசிறு இருக்காது, பாத்துக்கங்க" என்றாள் ஒச்சம்மாள், பெருமையாக.

பிள்ளை ஓரத்தைத் தடவியது. பக்கத்தைத் திருப்பித் தடவியது. மறுபடி முதலிலிருந்து தடவியது. பிறகு முனகியது. கொஞ்ச நேரத்தில் கவுன் நனைந்து, பாயில் ஈரம் பரவியது.

"பரவாயில்லீங்க. கேக்கத் தெரியலீங்காட்டி அடுத்த வருசம் பாத்துக்கலாங்க" என்றார் டீச்சர்.

நாகஜோதி ஓடி வந்தாள். "இல்ல டீச்சர், கேப்பா! எலாஸ்டிக்க இழுத்தா பாத்ரூம் போகணும்னு அர்த்தம். முடிச்சுப் போட்ட நூலு தண்ணி..." புத்தகத்தை வாங்கியவள் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "மதினி, நாடாவெல்லாம் எங்க?"

ஒச்சம்மாள், வெட்டியதைப் போட்டு வைத்திருந்த குப்பைக் கவரை எடுத்து வந்து, எல்லார் முன்னாலும் பாயோரமாகக் கொட்டினாள். தலை நிமிரவில்லை. பிள்ளையின் கை அந்தக் குவியலில் துழாவி, எலாஸ்டிக்கைக் கண்டுபிடித்துத் தூக்கிக் காட்டியது. நனைந்த கவுனோடு, அழுதுகொண்டே.

"கேட்டுட்டியே கண்ணு" என்றார் டீச்சர். "திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க."

நாகஜோதி ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. அவள் பிள்ளைக்கு உடுப்பு மாற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் தைக்க உட்கார்ந்தாள்.

"நான் தைக்கட்டா, நாகு?" என்று மெதுவாகக் கேட்டு, ஊசியை வாங்கி, ஒச்சம்மாள் ஒரு நாடாவைத் தைத்தாள். மிச்ச நூலை அறுக்க டிரிம்மரை எடுத்தாள். நறுக்.

சத்தம் கேட்ட பிள்ளை, புத்தகத்தைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.

ஒச்சம்மாள் டிரிம்மரைக் கீழே வைத்தாள். அந்த முதுகைப் பார்க்க அவளால் முடியவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை வைத்திருந்த எதையாவது, என்னவென்று கேட்காமல் இப்படித் தூக்கிப் போட்டதுண்டா? கூச்சப்படாமல் எழுதுங்கள்.