மைனருக்கு வயது இருபத்திரண்டு

ஆனந்தம் டீச்சர் வீட்டுப் பூனைக்கு இருபத்திரண்டு வயது என்று பெங்களூரில் இருக்கும் அவள் மகன் விஸ்வா நம்பினான். மருமகள் ஸ்ரீவித்யா நம்பினாள். சொந்தபந்தம் அத்தனையும் நம்பியது. நம்பாதவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்தான். ஒருத்தி ஆனந்தம். இன்னொருத்தி, அந்தப் பூனையை அவளுக்குக் கொடுத்த ரைஸ்மில் எல்சி. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கணக்கு டீச்சரின் புளுகு ஆறு வருஷத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் முதல் மைனர் பொய்யில்லை. விஸ்வா ஒன்பதாவது படிக்கும்போது புத்தகப் பையில் போட்டுக் கொண்டுவந்த செவலைக் குட்டி அது. வலது முன்னங்கால் மட்டும் வெள்ளை. வேலைவெட்டி கிடையாது, சாப்பாடு மட்டும் வேளை தவறக் கூடாது என்ற அதன் குணத்தைப் பார்த்து, ஆனந்தத்தின் கணவர் சிவசங்கரன்தான் மைனர் என்று பெயர் வைத்தார். அது மூன்று வயதில் ஊர் மேயத் தொடங்கியதும், அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்த விஸ்வாவே தஞ்சாவூருக்குத் தூக்கிப்போய்க் கருத்தடை ஆபரேஷனும் செய்து கொண்டுவந்தான்.

சிவசங்கரன் இறந்தபோது மைனருக்குப் பதினாலு வயது. பதிமூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து, கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். ஆனந்தம் இனிமேல் பிள்ளையோடு போய் இருக்கட்டும், நிலத்தையும் வீட்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விஸ்வா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எப்பம்மா வர்றே?"

அவளுக்குப் போக இஷ்டமில்லை. இஷ்டமில்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்து மணிக்கு எழுந்தாள், வீட்டில் மற்றவர் பசிக்கு எழுந்தாள். கண்ணில் பட்டது பூனை.

"மைனரை யாரு பாத்துப்பா? அது காலம் முடியட்டும்ப்பா. அப்புறம் வர்றேன்."

விஸ்வா உடனே செல்போனை எடுத்துத் தேடினான். "வீட்டுப் பூனைன்னா சராசரியா பன்னண்டுலேர்ந்து பதினஞ்சு வருஷம்மா. ரொம்ப நல்லா பாத்துக்கிட்டா பதினெட்டு. இதுக்கு இப்பவே பதினாலு." கூடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். சரி, ஒன்றிரண்டு வருஷம்தானே. மைனர் எப்போது சாகும் என்று கணக்குப் போட்டு, அதையே ஆனந்தத்தின் பயணத் தேதியாக வைத்துக்கொண்டு எல்லோரும் பஸ் ஏறினார்கள்.

அந்த ஒன்றிரண்டு வருஷத்தில்தான் ஆனந்தம் கெட்டுப்போனாள். ஊர் அப்படித்தான் சொன்னது. பன்னிரண்டு மா, அதாவது நாலு ஏக்கர், நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த பெரியநாயகசாமி, மகன் துபாய் போனதும் இனி முடியாது என்று நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விற்றுவிடலாம் என்றான் விஸ்வா. ஒரு போகம் பார்க்கிறேன் என்றாள் அவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாசமே ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் வருஷம் யூரியாவை அள்ளிப் போட்டு, பயிர் தளதளவென்று வளர்ந்து, கார்த்திகை மழையில் அப்படியே படுத்துவிட்டது. டீச்சர் கணக்கு தப்பாயிடுச்சு என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து ஒரு பாடு அழுதாள். மறுவருஷம் அதே வயலில், அதே சம்பாவில், மாவுக்கு எட்டு மூட்டை கண்டாள். தானே தப்பாகப் போட்டு, தானே திருத்தின முதல் கணக்கு அவள் வாழ்க்கையில் அதுதான். அதை விட்டுவிட்டு மகன் வீட்டு ஏழாவது மாடியில் போய் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தை மாசத்தில் மைனர் செத்துப்போயிற்று. பதினாறு வயது. காலையில் கோணிச்சாக்கில் சுருண்டு கிடந்தது எழுந்திருக்கவில்லை. ஆனந்தம் அதை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அழுகையோடு சேர்ந்தே பயமும் வந்தது. துக்கத்துக்கு முன்னால் பயம் வந்துவிட்டதே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. சாயங்காலம் விஸ்வா போன் செய்தான்.

"மைனர் எப்படியிருக்கும்மா?"

"இருக்கு" என்றாள்.

மறுநாள் எல்சியின் மில்லுக்குப் போனாள். திருப்பனந்தாளுக்குப் போகிற வழியில் எல்சிக்கு ரைஸ்மில் இருந்தது. மில் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கிற இடத்தில் பூனை இருக்கும். எல்சியின் மில்லில் செவலைகளுக்குப் பஞ்சமே கிடையாது. டீச்சரிடம் பத்தாவது வரை கணக்குப் படித்தவள் எல்சி. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் வெள்ளைக்கால் செவலை ஒன்றைப் பிடித்துக் கொடுத்தாள். அதைக் கும்பகோணத்துக்குச் சத்தமில்லாமல் தூக்கிப்போய் ஆபரேஷன் செய்தார்கள். விஸ்வா வருஷத்துக்கு இரண்டு முறை வருவான். புது ஆளைக் கண்டால் பூனை பரண் ஏறிவிடும். வீடியோ காலில் எல்லாச் செவலையும் ஒன்றுதான். அது ஆறு வருஷம் மைனராக உத்தியோகம் பார்த்துவிட்டு, வைக்கோல் போரில் விரியன் கடித்துப் போயிற்று. இந்த வைகாசியில் மூன்றாவது மைனர் வேலைக்குச் சேர்ந்தது.

"இந்தத் தடவை கும்பகோணம் போவ வேணாம் டீச்சர்" என்றாள் எல்சி, பூனையைத் தூக்கிக் காட்டி. "இதுக்கு ஏற்கனவே ஆபரேஷன் ஆயிருக்கு. பாருங்க, ஒண்ணுமில்ல."

"பொட்டையா இருந்துடப் போவுது எல்சி."

"செவலையில பொட்டை ஏது? எங்கப்பா காலத்துலேர்ந்து இந்த மில்லுல பாக்கறேன். செவலைன்னா கடுவன்தான்."

ஆனந்தமும் அதைத்தான் கேள்விப்பட்டிருந்தாள். வாலைத் தூக்கி மேற்கொண்டு ஆராய்ச்சி செய்வது மரியாதையாகப் படவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வினை பெங்களூரிலிருந்து வந்தது, அதுவும் அன்பு வழியாக. பூனை வளர்ப்பவர்களின் குழு ஒன்றில் விஸ்வா மைனரின் படத்தைப் போட்டு வயதை எழுதியிருக்கிறான். இருபத்திரண்டா, நம்பவே மாட்டோம் என்று நூறு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தஞ்சாவூரிலிருந்து கயல்விழி என்ற கால்நடை டாக்டரைக் காரில் அழைத்துக்கொண்டு வந்து இறங்கினான். முதல் நாள் ராத்திரிதான் போனில் சொன்னான்.

"வயசுக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கலாம்மா. அதோட, கார்ல வர்றதுக்கு அதுக்கு உடம்பு தாங்குமான்னும் கேட்டுக்கலாம். பால்கனி முழுக்க வலை அடிச்சாச்சு. வித்யா அதுக்குத் தனியா கட்டில் வாங்கியிருக்கா. இனிமே மைனர் போறவரைக்கும் நீ காத்திருக்க வேண்டாம். ரெண்டு பேரும் என்னோடவே வந்துடலாம்."

அவள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பூனை கிழமென்றால் கார் தாங்கும்வரை வைத்தியம் பார்ப்பான். திடமாக இருந்தால் இன்றைக்கே கூட்டிப்போவான். திட்டினால் திருப்பித் திட்டலாம். வலை அடித்துக் கட்டில் வாங்கி வைத்திருக்கிறவனை என்ன செய்வது?

அன்றைக்குத்தான் அவளுக்கு நடவும். பாய்போல் வளர்த்த நாற்றங்காலிலிருந்து நாற்றைச் சுருட்டி எடுத்து வைத்தாகிவிட்டது, மெஷின் எட்டு மணிக்கு வயலுக்கு வந்துவிட்டது. எல்சி தைரியம் சொல்வதற்காக விடிந்ததும் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில்தான் தைரியத்தைக் காணோம்.

டாக்டர் கயல்விழிக்கு முப்பது வயதுதான் இருக்கும். மேஜைமேல் துண்டை விரித்தாள். விஸ்வா பழைய ஆபரேஷன் சீட்டைக்கூட பத்திரமாக வைத்திருந்து நீட்டினான். ஆண் பூனை, கருத்தடை ஆனது என்று அதில் எழுதியிருந்தது. அவள் படித்துவிட்டுப் பூனையின் வாயைத் திறந்து பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். மறுபடி வாயைப் பார்த்தாள். பின்னால் திருப்பி வாலைத் தூக்கினாள். வயிற்றில் இரண்டு கையையும் வைத்து மெதுவாகத் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, இதுதான் அந்தப் பூனைங்களா?"

"ஏன் டாக்டர்?" என்றான் விஸ்வா.

"பல்லு பாலு மாதிரி இருக்கு சார். ரெண்டு வயசு, மிஞ்சினா மூணு. அப்புறம்..." அவள் வாலை மறுபடி ஒரு முறை தூக்கிப் பார்த்தாள். "இது பொட்டை. வயித்துல குட்டி இருக்கு. நாலு இருக்கும்."

எல்சிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"கட்டியா இருக்குமோ டாக்டரம்மா? வயசான பூனைக்கு வயித்துல கட்டி வரும்னு..."

"கட்டி இப்படி உதைக்காதுங்க. நீங்களே கை வச்சுப் பாருங்க."

"செவலையில பொட்டை ஏதுங்க?"

"கம்மிதான். இல்லாம இல்லைங்க. அஞ்சுக்கு ஒண்ணு இருக்கும்."

எல்சிக்கு அப்பா காலத்திலிருந்து வைத்திருந்த ஞானம் ஒரே நிமிஷத்தில் போயிற்று. ஆனால் மில் நடத்துகிறவள். சட்டென்று வேறு கதவைத் திறந்தாள். "அடடா டீச்சர்! இது எங்க மில்லுப் பூனையில்ல? மைனரைத் தேடிக்கிட்டு இங்க வந்துடுச்சு போல. மைனர் பரண்ல இருக்கும். இல்லன்னா வெளில போயிருக்கும். சாயங்காலம் வந்துடும் தம்பி."

விஸ்வாவின் முகம் தெளிந்துவிட்டது. நம்பத் தயாராக இருந்தான். "அப்படியாம்மா?" என்றான்.

ஆம் என்று ஒரு தலையாட்டல் போதும். மில்லில் நாலாவது செவலை இல்லாமலா போய்விடும்? மைனருக்கு இருபத்தைந்து வயதாகும், முப்பதாகும். உலகத்திலுள்ள எந்தப் பூனையும் வாழாத வயதெல்லாம் அது வாழும். ஒவ்வொரு முறையும் அவள் தன் வீட்டிலேயே திருடிபோல் பரண் பக்கம் பார்த்துக்கொண்டு பேச வேண்டும். ஆனந்தத்துக்குத் திடீரென்று ஆத்திரம் வந்தது. அறுபத்தேழு வயதில் என் வீட்டில் நான் இருக்க ஒரு பூனை ஜாமீன் போட வேண்டுமா?

"சும்மா இரு எல்சி" என்றாள். "மைனர் செத்துப்போச்சு விஸ்வா. ஆறு வருஷமாச்சு. இது மூணாவது பூனை. நாந்தான் மாத்தி மாத்தி வச்சேன்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டு, காரில் இருப்பதாகச் சொல்லி நாசூக்காக வெளியே போனாள்.

"ஆறு வருஷமா?" என்றான் விஸ்வா. "நான் வாராவாரம் கேட்டேனேம்மா. அது என் பூனைம்மா. என் பையில தூக்கிட்டு வந்தது. செத்ததைக்கூட எனக்குச் சொல்லலையே நீ."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்தை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"தப்புதான். அதுக்கு உன்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன். மனசாரக் கேக்கறேன்" என்றாள். "ஆனா வராததுக்குக் கேக்க மாட்டேன்."

"வரப் பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமே! பூனையை வச்சு எதுக்கு நாடகம்?"

"எப்பச் சொல்றது? அப்பா போன பதிமூணாம் நாள் எப்ப வர்றேன்னு கேட்ட. பொங்கலுக்கு வந்து எப்ப வர்றேன்னு கேட்ட. நேத்து ராத்திரி வலை அடிச்சாச்சுன்னு சொன்ன. வர்றியான்னு ஒரு நாளாவது கேட்டியா நீ? ஊர்ல ஒருத்தராவது கேட்டாங்களா? பூனை எத்தனை வருஷம் இருக்கும்னு போன்ல தேடிப் பாத்த. நான் இன்னும் எத்தனை வருஷம் இருப்பேன், அதுவரைக்கும் எப்படி இருக்க ஆசைப்படறேன்னு என்கிட்ட கேக்கத் தோணலையே."

எல்சி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேஜைமேல் இருந்த பூனை குதித்து இறங்கி, பெரிய வயிற்றோடு அடுக்களைக்குப் போயிற்று. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

விஸ்வா டாக்டர் விட்டுப்போன ஆபரேஷன் சீட்டை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்தான்.

"சரி. இப்ப கேக்கறேன். என்னோட வந்து இருக்கியாம்மா?"

"மாட்டேன்" என்றாள் ஆனந்தம்.

அவள் காத்திருந்தாள். வானம் இடிந்து விழவில்லை. வயல் பக்கமிருந்து மெஷின் சத்தம் நின்று நின்று வந்தது. டிரைவர் வளைவில் நாற்றுப் போடாமல் விடுகிறான் என்பது அந்தச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"மைனரை எங்கம்மா புதைச்சே?"

"வடக்கு வரப்புல, மடைக்குப் பக்கத்துல. சேறா இருக்கும். பேண்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு என் பின்னாலேயே வா" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.